அலிப்பூர் சிறையில் பிறந்த மன்னிப்பு

புதுச்சேரி ஆசிரமத்துக்குப் போய் ஸமாதியில் நமஸ்கரித்து வந்தவர்கள் நம் அங்கத்தினர்களில் அநேகர் இருப்பார்கள். ஸ்ரீ அரவிந்தர் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த பாதை, கல்கத்தாவில் ஒரு சிறை அறை வழியாக வந்தது. அந்த ஒரு வருஷத்தைப் பற்றி இங்கே எழுத ஆசைப்படுகிறேன்.

1908 ஏப்ரல் 30 அன்று முஸாபர்பூரில் நீதிபதி கிங்ஸ்போர்டைக் குறிவைத்து எறிந்த குண்டு தவறிப்போய், இரண்டு ஆங்கிலேயப் பெண்மணிகள் உயிரிழந்தார்கள். மே 2 விடியற்காலையில் கல்கத்தாவில் அரவிந்தரின் வீட்டுக்குள் போலீஸார் புகுந்து அவரைக் கைது செய்தார்கள். குண்டு தயாரித்த குழுவை நடத்தியவர் அவருடைய தம்பி பாரீந்திரர். அண்ணாவே சதிக்கு மூளை என்பது அரசு தரப்பு வாதம். அரசருக்கு எதிராக யுத்தம் தொடுக்கச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் தூக்குக் கயிறுகூட விழலாம்.

அலிப்பூர் சிறையில் அவருக்குக் கிடைத்த அறை 9 அடி நீளம், ஐந்தாறு அடி அகலம். ஜன்னல் கிடையாது. சாப்பிடவும், குடிக்கவும், குளிக்கவும் ஒரே கிண்ணம். முதல் நாட்களில் தம் நம்பிக்கையே ஆட்டம் கண்டதாகவும், "பகவானே, நான் ஏன் இங்கே?" என்கிற பாவத்தில் உள்ளுக்குள் கேட்டதாகவும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். சில நாட்கள் கழித்து வீட்டிலிருந்து கீதையும் உபநிஷத்துகளும் தருவிக்க அனுமதி கிடைத்தது. படிப்பு ஸாதனையாயிற்று.

விடுதலைக்குப் பிறகு, 1909 மே 30 அன்று உத்தரபாராவில் அவர் செய்த பிரசங்கத்தில் இந்த அனுபவத்தை விவரித்தார். சிறைச் சுவரிலும், அறைக்கு எதிரே இருந்த மரத்திலும், கம்பிக் கதவிலும், திருடர்களிடத்திலும் வாஸுதேவனையே கண்டாராம். கோர்ட்டில் மாஜிஸ்டிரேட்டைப் பார்த்தாலும், அரசு வக்கீலைப் பார்த்தாலும் அதே தரிசனம். அந்த வக்கீல் நமக்குத் தெரிந்த பெயர்தான்: மதராஸில் பேர்போன பாரிஸ்டர் யார்ட்லி நார்ட்டன். தம்மைத் தூக்குக்கு அனுப்ப வாதாடுகிறவரிடம் நாராயணனைக் காண்பது என்றால் என்ன! கீதை ஐந்தாம் அத்தியாயம் சொல்லும் ஸமதர்சனத்தை நாம் பாராயணம் செய்கிறோம்; அவர் அதைக் கைதிக் கூண்டில் நின்று பழகினார்.

செஷன்ஸ் நீதிபதி பீச்கிராப்ட், ஐ.ஸி.எஸ். பரீட்சையில் அரவிந்தரோடு எழுதியவர். எதிர் தரப்பில் சித்தரஞ்சன் தாஸ் வாதாடினார். 1909 மே 6 அன்று அரவிந்தர் விடுதலையானார். அன்றே தம்பிக்கு மரண தண்டனை. பின்னால் அது ஆயுள் நாடுகடத்தலாகக் குறைந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு விஷயங்கள். முதலாவது, அந்த மன்னிப்பு தீர்ப்புக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஜெயித்தவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த கதை அல்ல இது. இரண்டாவது, மன்னித்தார் என்பதற்காக அவர் வாய்மூடி இருக்கவில்லை. வங்காளியில் எழுதிய 'காராகாஹினி'யில் சிறை முறையின் கொடுமையை நறுக்கென்று எழுதுகிறார். நார்ட்டனின் கற்பனைத் திறத்தை வேடிக்கையாகக் கேலி செய்கிறார். ஆனால் சிறை சூப்பரின்டென்டென்டையும் டாக்டரையும் மனதாரப் புகழ்கிறார். வெளியே வந்த மறு மாதமே 'கர்மயோகின்' பத்திரிகையை ஆரம்பித்து அரசியல் எழுதினார். 1910 ஏப்ரல் 4 அன்றுதான் புதுச்சேரி வந்து இறங்கினார்.

நம்மில் சிறை சென்றவர்கள் சொற்பம். ஆனால் செய்யாத தப்புக்குப் பழி சுமந்தவர்கள், ஆபீஸிலோ பங்காளி வழக்கிலோ மனம் கசந்தவர்கள் எத்தனையோ பேர். 'தீர்ப்பு நம் பக்கம் வரட்டும், அப்புறம் மன்னிக்கலாம்' என்று காத்திருக்கிறோம். கேஸை விடாமல் நடத்தலாம், உரிமையைக் கேட்கலாம். கசப்பை மட்டும் முதலிலேயே இறக்கி வைத்துவிடலாம் என்பதற்கு அலிப்பூர் சாட்சி. அடுத்த முறை புதுச்சேரி போகிறவர்கள் ஸமாதி முன்னால் இதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.