பொறி பறக்காத டிராக்டர்



"ஹேண்டில் போட்டுப் போட்டுத் தோள்பட்டையே கழண்டு போச்சு, வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்கிற புலம்பல் டிராக்டர் பிறந்த காலத்திலிருந்தே உண்டு. இன்று நம் வயல்களில் ஓடுவது அநேகமாக டீசல் டிராக்டர். டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை இறுக்கி அமுக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்னால் அரை நூற்றாண்டுக் காலம் உலகத்தில் உழுத டிராக்டர்களில் பெரும்பாலானவை பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடியவை. பொறி விழாவிட்டால் அவை வெறும் இரும்பு. அந்தப் பொறி வந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். வண்டி எந்தக் காலத்தது என்று தெரிந்தால்தான் கோளாறை எந்த இடத்தில் தேடுவது என்று தெரியும்.

காந்தத்துக்கு நடுவே செப்புக் கம்பிச் சுருளைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும் என்பதை இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே 1831-லேயே கண்டுவிட்டார். அதை இஞ்சினுக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் 1886-இல் சின்னப் பட்டறை வைத்த ராபர்ட் போஷ். அவரிடம் வேலை பார்த்த கோட்லோப் ஹோனோல்ட் என்பவர் 1902-இல், பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிற அளவுக்கு உயர்ந்த அழுத்த மின்சாரம் தரும் மேக்னெட்டோவைச் செய்து முடித்தார். பாட்டரி வேண்டாம், சார்ஜ் ஏற்ற வேண்டாம்; இஞ்சின் சுற்றினால் போதும், தானே பொறி தரும். காட்டு வேலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வேகமாகச் சுற்றினால்தான் நல்ல பொறி வரும். கிளப்பும்போதோ இஞ்சின் சுற்றுவது நம் கைவேகத்தில். பொறி அதிகமாக வேண்டிய நேரத்தில் குறைவாக வரும்!

இந்தச் சிக்கலில் மாட்டித் தவித்தது ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர். முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்ததால் பிரிட்டனில் உணவுக்குப் பஞ்சம் வரும் நிலை. குதிரையும் ஆளும் போருக்குப் போய்விட்டார்கள். 1917-இல் அமெரிக்காவில் ஃபோர்ட்சன் தயாராகத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கில் கப்பலேறிப் பிரிட்டனுக்குப் போயிற்று. 1922-இல் அதன் விலையை 395 டாலருக்கு இறக்கினார்கள். சிறு விவசாயிக்கும் எட்டியது. மலிவு என்றால் மலிவு, அதற்குத் தகுந்த அவஸ்தையும் இருந்தது. காந்தங்களை பிளைவீலிலேயே பொருத்தியிருந்தார்கள். அதில் வரும் குறைந்த அழுத்த மின்சாரம் மரப்பெட்டியில் இருக்கும் அதிர்வுக் காயில்களுக்குப் போய், அங்கே ஏற்றம் பெற்று, பிளக்குக்கு வரும். காயில் வேலை செய்தால் வண்டு இரைகிற மாதிரி சத்தம் கேட்கும். நாலு காயிலில் எது இரையவில்லையோ அதுதான் செத்த காயில். கைவசம் ஒரு மீட்டரும் இல்லாமல் காதாலேயே கோளாறு கண்டுபிடித்த காலம் அது. குளிர்காலத்தில் கிளட்ச் ஓடும் எண்ணெய் கெட்டியாகி இஞ்சினையே பிடித்துக்கொள்ளும். அப்போது ஹேண்டில் மெதுவாகத்தான் சுற்றும், காந்தமும் மெதுவாகத்தான் சுற்றும், காயில் இரையாது. காலையில் உழப் போனவன் மத்தியானம் வரை வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கை ஒடிவதும் அந்தக் காலத்துச் சங்கதி. பொறி சீக்கிரம் விழும்படி லிவரை வைத்துவிட்டு ஹேண்டில் போட்டால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன் எண்ணெய் வெடித்து ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு போய்விடும். அதனால்தான் லிவரைத் தாமத நிலைக்குக் கொண்டு வந்து, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுக்கச் சொல்வது. கீழே அழுத்திச் சுற்றக்கூடாது. ஹேண்டில் போடுகிற எந்த இஞ்சினுக்கும் இது பொருந்தும்.

1929-இல் தயாரிப்பு அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு மாறியபோது, புதிய ஃபோர்ட்சனில் பிளைவீல் காந்தத்தை விட்டுவிட்டு நல்ல மேக்னெட்டோவைப் பொருத்தினார்கள். அதோடு இம்பல்ஸ் கப்ளிங் என்கிற ஒரு சாமான். சுருள்வில் ஒன்று மேக்னெட்டோவைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தி, முறுக்கேற்றி, சட்டென்று விடும். நீங்கள் மெதுவாகச் சுற்றினாலும் காந்தம் அந்த ஒரு கணம் வேகமாகத் துள்ளும். பொறியும் தாமதமாகவே விழும். கை பிழைத்தது! வேகம் எடுத்ததும் அது தானே ஒதுங்கிக்கொள்ளும். இந்த மாதிரி வண்டியில் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் 'டக், டக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே எண்ணெய்ப் பிசின் ஒட்டி அதன் கொக்கி சிக்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். கழுவிவிட்டால் போதும். மேக்னெட்டோவையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

பாட்டரியும் காயிலும் வேறு வழியாக வந்தவை. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் காருக்காகச் செய்த ஏற்பாடு அது. 1912 மாடல் காடிலாக் காரில் அவருடைய மின்சார ஸ்டார்ட்டரும் சேர்ந்துகொண்டது. டிராக்டருக்கு வர வெகு நாள் ஆயிற்று. 1939-இல் ஃபோர்டும் ஹாரி பெர்குசனும் கூட்டாகக் கொண்டு வந்த 9என் டிராக்டரில் டிஸ்ட்ரிபியூட்டர் இஞ்சினின் முன்முகத்தில், விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அங்கே கை நுழையாது. ஆனால் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்து பாயிண்ட்டைச் சரி செய்யலாம். திரும்ப ஒரே விதமாகத்தான் பொருந்தும், டைமிங் மாறாது. 1946-இல் இங்கிலாந்தில் வந்த பெர்குசன் டி.இ.20-இல் கியர் லிவரைத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். கியரில் இருக்கும்போது வண்டி பாயாது. எட்மண்ட் ஹில்லரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது மூன்று பெர்குசன் பெட்ரோல் டிராக்டர்களில்தான்.

இப்போது முக்கியமான விஷயம். மேக்னெட்டோ வண்டியும் காயில் வண்டியும் சுவிட்ச் விஷயத்தில் நேர் எதிர். காயில் வண்டியில் சுவிட்ச் போட்டால் மின்சாரம் போகும். கம்பி அறுந்தால் பொறி இல்லை. மேக்னெட்டோவில் அப்படியில்லை. அங்கே நிறுத்துகிற கம்பி மின்சாரத்தை இஞ்சின் உடம்பில் எர்த் செய்து பொறியைக் கொல்கிறது. அந்தக் கம்பியின் உறையை எலி கடித்து, செம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தால் எத்தனை நாள் ஹேண்டில் போட்டாலும் வண்டி கிளம்பாது. ஆகவே மேக்னெட்டோவானால் முதல் வேலை அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது. காயிலானால் முதலில் பாட்டரி முனை, பிறகு காயிலுக்கு மின்சாரம் வருகிறதா என்பது.

அதன் பிறகு இரண்டுக்கும் ஒரே வழிதான். பிளக்கைக் கழற்றி, ஒயரை மாட்டி, இஞ்சின் உடம்பில் படும்படி வைத்துச் சுற்றுங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. நீலமாகப் படபடவென்று பறந்தால் பொறியில் குற்றமில்லை. மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் பாயிண்ட்டைப் பாருங்கள். பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டென்ஸர் மேல் சந்தேகப்படலாம். மேக்னெட்டோவை ஒயர் அந்தரத்தில் தொங்கச் சுற்றாதீர்கள். காயில் உள்ளுக்குள்ளேயே எரிந்துபோகும்.

பொறி நன்றாக இருந்தும் கிளம்பாத வண்டிகள் பல. முந்தின நாள் சாயங்காலம் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியிருப்பார்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நிற்கும். குளிர்ந்த இஞ்சினில் அது பற்றாது, பிளக்கை நனைத்துவிடும். பழி மேக்னெட்டோ மேல் விழும். நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றி இரண்டு நிமிஷம் ஓட்டியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்புசெட் வைத்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

பெர்குசனில் 1951-இல் டீசல் வந்தது; ஃபோர்ட்சன் மேஜரிலும் டீசல் வந்தது. 1959-இல் இந்தியாவில் தயாரான முதல் ஐஷர் டிராக்டரும் டீசல்தான். பொறி டிராக்டரை விட்டுப் போய், மருந்தடிக்கும் பெட்ரோல் ஸ்பிரேயரிலும் சிறு பம்பிலும் தங்கிவிட்டது. அவற்றிலும் பாயிண்ட் போய் மின்னணு சாதனம் வந்தாயிற்று. ஆனால் நிறுத்துகிற கம்பி மட்டும் இன்றைக்கும் அதே பழைய மேக்னெட்டோ முறையில், எர்த் செய்துதான் இஞ்சினை நிறுத்துகிறது. ஸ்பிரேயர் மக்கர் பண்ணினால் அந்தக் கம்பியிலிருந்து தொடங்குங்கள்.