ஓட்ஸ் மூட்டையும் செம்மறியாடும்: ஸ்கொட்லாந்துச் சாப்பாட்டின் கதை



என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் மேற்படிப்புக்காக கிளாஸ்கோ போகிறார். "சேர், அங்க நாங்க சாப்பிடக்கூடியதா என்ன இருக்கு?" என்று கேட்டார். வரலாறு படிப்பிக்கிறவனிடம் சாப்பாட்டைக் கேட்டால் வரலாறுதானே வரும்! அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஸ்கொட்லாந்து குளிரும் ஈரமும் உள்ள நாடு. கோதுமை அங்கே பல இடங்களில் சரியாக வராது; ஓட்ஸ் வரும். ஆகவே பல நூற்றாண்டுகளாக ஏழையின் காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் ஓட்ஸ்தான். தண்ணீரில் உப்புப் போட்டுக் கிண்டினால் கஞ்சி, கல்லில் சுட்டால் ரொட்டி. நம் பக்கத்துக் குரக்கனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1755 இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், ஓட்ஸுக்குப் பொருள் எழுதும்போது, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவதை ஸ்கொட்லாந்தில் மனிதர் உண்கிறார்கள் என்ற கருத்தில் குத்தலாக எழுதினார். அகராதியில் கூட நையாண்டி!

ஆனால் அந்தக் குதிரைத் தீனியில்தான் ஒரு நாடே படித்தது. எடின்பரோ, சென்ட் அன்ட்ரூஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் 'மீல் மண்டே' என்று ஒரு விடுமுறை இருந்தது. 'மீல்' என்றால் இங்கே ஓட்ஸ் மா. கமக்காரரின் பிள்ளைகள் தவணை தொடங்கும்போது வீட்டிலிருந்து ஒரு மூட்டை ஓட்ஸ் மாவோடு வருவார்கள். இடையில் அது தீர்ந்துவிடும். ஊருக்குப் போய் அடுத்த மூட்டையைக் கொண்டுவருவதற்காக ஒரு திங்கட்கிழமை விடுமுறை. அரிசியும் தேங்காயும் பையில் கட்டிக்கொண்டு விடுதிக்குப் போன நம் வாப்பாமார் காலத்துப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். இன்று வகுப்பில் குரக்கன் ரொட்டி கொண்டுவரும் பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியின் மூடியால் அதை மறைத்துச் சாப்பிடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த விடுமுறையைப் பற்றி வகுப்பில் சொல்வேன்.

அடுத்தது ஹகிஸ். பெயர் கேட்டுப் பயப்பட வேண்டாம். செம்மறியாட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் அவித்துக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து, ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து மீண்டும் அவிப்பார்கள். உழ்ஹிய்யா நாளில் ஈரலையும் பாபத்தையும் வீணாக்காமல் சமைக்கிற நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நல்ல இறைச்சி வசதியானவருக்கு, உள்ளுறுப்பு இல்லாதவருக்கு. எல்லா நாட்டிலும் அதே கதைதான். கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸ் ஒரு கமக்காரரின் மகன். 1786 இல் இந்த ஏழைச் சாப்பாட்டைப் புகழ்ந்து ஒரு கவிதை எழுதினார். அவர் பிறந்த ஜனவரி 25 இரவில் இன்றும் ஹகிஸை மேசைக்குக் கொண்டுவந்து அந்தக் கவிதையைச் சொல்லிக்கொண்டேதான் வெட்டுகிறார்கள். அமெரிக்காவோ 1971 இலிருந்து ஆட்டு நுரையீரல் சேர்ந்த உணவை உள்ளே விடுவதில்லை.

ஆனால் அந்தச் செம்மறியாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, வடக்கு மலைநாட்டு நிலச்சுவாந்தர்கள் குடியானவர்களைப் பரம்பரைக் காணிகளிலிருந்து வெளியேற்றினார்கள். ஆட்டுப் பண்ணை அதிக வருமானம் தந்ததுதான் காரணம். சதர்லாந்தில் வீட்டுக் கூரைகளுக்குத் தீ வைத்தும் துரத்தினார்கள். வெளியேறியவர்களில் பலர் கடற்கரையில் துண்டுக் காணிகளில் குடியேற்றப்பட்டு, உழவு தெரிந்த கையால் ஹெரிங் மீன் பிடிக்கப் பழகினார்கள். மற்றவர்கள் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். எஞ்சியவர்கள் நம்பியிருந்த உருளைக்கிழங்கும் 1846 இல் நோய் வந்து அழுகியது. 'காணியை விட்டு எழும்பு' என்ற சொல்லைக் கேட்ட சனங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கிழக்குக் கரையின் மீன் சாப்பாடு தனிச் சிறப்பு. ஆப்ரோத் ஊரின் ஸ்மோக்கி என்பது ஹெடொக் மீனை உப்பிட்டு, வால்களைச் சோடியாகக் கட்டி, விறகுப் புகையில் வேகவைப்பது. கலன் என்ற ஊரின் 'கலன் ஸ்கிங்க்' புகையூட்டிய ஹெடொக், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் சேர்த்த சூப். நமக்கு யோசிக்காமல் சாப்பிடக்கூடியது இவைதான்.

மற்றவற்றில் கவனம். இரத்தத்தில் செய்யும் 'பிளெக் புடிங்' ஹராம். நாடெங்கும் காலைச் சாப்பாட்டுத் தட்டில் வரும். மீனும் சிப்ஸும் வாங்கினால் எந்த எண்ணெயில் பொரித்தது என்று கேளுங்கள், பல கடைகளில் மாட்டுக் கொழுப்பு. விஸ்கிக்கு அங்கே 1494 இலிருந்து எழுத்துச் சான்று உண்டு. அது நமக்கு வேண்டாத வரலாறு. ஆனால் ஹகிஸுக்கு ஊற்றும் சோஸிலும் 'கிரனகன்' என்ற இனிப்பிலும் அது ஒளிந்திருக்கும். கிளாஸ்கோவில் ஹலால் ஹகிஸ் கிடைக்கிறது, மாஷா அல்லாஹ். மரக்கறி ஹகிஸும் உண்டு. ஷோர்ட்பிரெட் வெண்ணெய், சீனி, மா மட்டும்தான்; கூச்சமில்லாமல் சாப்பிடலாம்.

அதோடு தேநீர். இதில் அவர்களுக்கும் நமக்கும் நேரடிக் கணக்கு உண்டு. ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளிக்குப் பிறந்த ஜேம்ஸ் டெய்லர், 1852 இல் பதினாறு வயதில் கோப்பித் தோட்ட வேலைக்கு இலங்கை வந்தார். 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடத்தில் கோப்பிக்கு நோய் வந்தது. பிறகு மலைநாடே தேயிலையானது. ஓட்ஸ் கஞ்சி நாட்டிலிருந்து வந்தவர் இங்கே துரையானார். அவருடைய கொழுந்தைப் பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து பசியோடு நடந்து வந்தவர்கள். 1890 இல் கிளாஸ்கோ மளிகைக்காரர் தோமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கினார். டெய்லர் 1892 இல், வேலையை விட்டுப் போகச் சொல்லப்பட்ட நிலையில், லூல்கந்துரவிலேயே இறந்தார். ஊருக்குத் திரும்பவே இல்லை. கண்டி மஹய்யாவ மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கண்டிப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.