கையெழுத்துப் போட்டவர்

ஐம்பத்திரண்டு வயதில் பெரியம்மாவுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. படப்பை வீட்டின் சுவருக்கு அப்பால் யாரோ தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொன்னார். “அது நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு வருடம் போனது. மருந்து கேட்காததால் மருத்துவமனையில் கரண்ட் வைத்தார்கள். குரல்கள் அடங்கின. நிறுத்திய சில மாதங்களில் திரும்பி வந்தன, மறுபடியும் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டவர் பெரியப்பா.

நாற்பது வயதுக்குப் பிறகு முதன்முறையாக வரும் உளப்பிறழ்வு பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். மருந்துக்கு அடங்காதபோது மின்சிகிச்சை தரப்படுகிறது. ஒரேயடியாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும் என்பதால், வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளியைக் கூட்டித் தொடர்வதும் உண்டு. பலருக்கு இது உதவுகிறது. சில நினைவுகள் அழிந்தும் போகின்றன.

1938இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கொடுக்கவில்லை. அக்காலத்தில் வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. நம் சினிமா இன்னும் அந்தக் காட்சியிலேயே நிற்கிறது. மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் பின்னால் வந்து சேர்ந்தன. சம்மதம் யாருடையது என்ற கேள்விதான் நெடுங்காலம் அப்படியே கிடந்தது.

ஒருவரை மனநோய் விடுதியில் சேர்க்கும் மனுவைக் கூடியவரை கணவனோ மனைவியோ கொடுக்க வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தில் அது இருவருக்கும் பொது. ஆனால் மனு எழுதவும் கோர்ட்டுப் படியேறவும் எத்தனை பெண்களால் முடிந்திருக்கும்? 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு சாரதா மேனன் தலைமையேற்றார். ஒரு பெண் அந்த நாற்காலியில் அமர்ந்த பிறகும் 1993 வரை அதே சட்டம்தான்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மயக்க மருந்தில்லாத மின்சிகிச்சையைத் தடை செய்தது. அவசர சிகிச்சை என்ற பெயரிலும் கரண்ட் வைக்கக்கூடாது என்றது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையையும், தன் சார்பில் பேச ஒருவரைத் தானே நியமிக்கும் உரிமையையும் தந்தது.

பெரியம்மாவுக்காக அதை எழுத நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். கரண்ட் வேண்டாம் என்பார் என்று நினைத்திருந்தேன்.

“வேணும்னே எழுது. அந்தக் குரலோட இருக்க முடியாது. உன் கல்யாணம் எனக்கு ஞாபகத்துல இல்ல, அதையும் எழுது. அன்னிக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல.”