அல்ஹம்ராவில் ஓர் அந்திப்பொழுது



ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களைப் புரட்டி முடித்த கையோடு, உங்களைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துச் செல்ல விழைகின்றோம். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், பனி படர்ந்த சியர்ரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் கிரனாடா என்றொரு நகர் உள்ளது. நம் ஆலிம் பெருமக்கள் பயான்களில் ‘கர்நாத்தா’ என்று குறிப்பிடுவது இந்நகரையே. அங்கே ஸபீக்கா என்னும் குன்றின்மீது நிற்கும் அல்ஹம்ரா மாளிகையில், அஸருக்குப் பின் தொடங்கி மக்ரிபு வரை, நாம் அனைவரும் மனத்தால் ஒரு முறை உலாவி வருவோம்.

செந்நிறக் கோட்டை

‘அல்ஹம்ரா’ என்றால் ‘செந்நிறத்தவள்’ என்று பொருள். செம்மண்ணைச் சுண்ணாம்புடன் இடித்து இறுக்கிக் கட்டப்பட்ட மதில்கள், மாலை வெயில் படும்போது அப்பெயரைத் தாமே சொல்லும். நாம் நுழையும் நீதி வாயில் 1348 ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 749) முதலாம் யூசுஃப் மன்னரால் கட்டப்பட்டது. வெளி வளைவின் உச்சியில் விரிந்த கையொன்றும், உள்வளைவில் சாவியொன்றும் செதுக்கப்பட்டுள்ளன.

இம்மாளிகை எழுந்த காலம் செழிப்பான காலமன்று. கி.பி. 711 இல் தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்து சென்றதுமுதல் ஐந்து நூற்றாண்டுகள் தழைத்திருந்த உந்துலுஸ், 1212 இல் லாஸ் நவாஸ் தெ தொலோசா போரில் கண்ட தோல்விக்குப் பின் சரியத் தொடங்கியது. 1236 இல் குர்துபா வீழ்ந்தது. 1248 இல் இஷ்பீலியா வீழ்ந்தது. இவ்விரு வீழ்ச்சிகளுக்கும் இடையே, 1238 இல், முஹம்மது இப்னு யூசுஃப் இப்னு நஸ்ர் என்பவர் கிரனாடாவில் நுழைந்து நஸ்ரிய அரச மரபை நிறுவினார். ‘இப்னுல் அஹ்மர்’ என்று அறியப்பட்ட அவரே அல்ஹம்ராவுக்கு அடித்தளமிட்டவர்.

ஆயினும் அவர் கொடுத்த விலை பெரிது. 1246 இல் காஸ்டீல் மன்னர் மூன்றாம் ஃபெர்டினாண்டுடன் உடன்படிக்கை செய்து, கப்பம் கட்டவும் போரில் படை உதவி செய்யவும் இசைந்தார். அதன்படி இஷ்பீலியா முற்றுகையில் கிறித்தவ மன்னரின் பக்கம் நின்று போரிடவும் நேர்ந்தது. அப்போரிலிருந்து திரும்பியவரை மக்கள் ‘வெற்றியாளரே’ என்று வாழ்த்தியபோது, அவர் ‘வலா காலிப இல்லல்லாஹ்’ - அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவருமில்லை - என்று மறுமொழி கூறியதாக ஒரு வழக்குக் கதை உண்டு. கதை எவ்வாறாயினும், அதுவே நஸ்ரிய மரபின் முத்திரை மொழியாயிற்று. மாளிகைச் சுவர்களில் மிகுதியாகக் காணப்படும் வாசகமும் அதுவே. தன் இனத்தாரின் நகரொன்று வீழத் துணைநின்ற மன்னரின் மரபு, அதே சொல்லைச் சுவரெங்கும் பொறித்து வைத்ததை எண்ணும்போது நம் நெஞ்சு சற்றுக் கனக்கின்றது.

நீரால் ஆன மாளிகை

குன்றின்மீது நீர் ஏது? தார்ரோ ஆற்றில், நகருக்கு மேலே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் அணை கட்டி, மலைச்சரிவை ஒட்டியே கால்வாய் வெட்டி, நீரின் சொந்தச் சரிவாலேயே அதனைக் குன்றுக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்பானிய மொழியில் அக்கால்வாய்க்கு இன்றும் வழங்கும் ‘அசேக்கியா’ என்ற பெயர், ‘அஸ்ஸாக்கியா’ என்ற அரபுச் சொல்லின் திரிபேயாகும்.

கொமாரெஸ் மாளிகையின் முற்றத்தில் சுமார் 34 மீட்டர் நீளமுள்ள குளமொன்று அசைவின்றிக் கிடக்கின்றது. நம் பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து ஒளூச் செய்த எவருக்கும் அந்நீரின் அமைதி அந்நியமாகத் தோன்றாது. எதிரே 45 மீட்டர் உயரக் கோபுரம் தலைகீழாக அதனுள் நிற்கின்றது. கோபுரத்தினுள் அமைந்த தூதர் மண்டபத்தின் மேற்கூரையை 8,017 மரத்துண்டுகளை இணைத்து, ஏழு வானங்களை நினைவூட்டும் வண்ணம் அமைத்துள்ளனர். அதன் அடிவிளிம்பில் செதுக்கப்பட்டிருப்பது, நம் இல்லங்களில் இரவு உறங்குமுன் ஓதப்படும் ‘தபாரக்க’ சூராவாகும்.

அடுத்தது, ஐந்தாம் முஹம்மது கட்டிய சிங்க முற்றம். 124 மெல்லிய பளிங்குத் தூண்களின் நடுவே, 12 சிங்கங்கள் ஒரு நீர்த்தொட்டியைச் சுமந்து நிற்கின்றன. நீண்ட சீரமைப்புப் பணிக்குப் பின் 2012 இல் அங்கே மீண்டும் நீர் பாயத் தொடங்கியது. முற்றத்தை ஒட்டிய அறையொன்றின் கூரையில் சுமார் 5,000 சிறு கூறுகள் தேன்கூடு போல் தொங்குகின்றன. இவையனைத்தும் பொன்னாலும் மணியாலும் ஆனவை அல்ல. பெரும்பகுதி வெறும் சுண்ணச்சாந்தும், மரமும், சுட்ட ஓடுமேயாகும். எளிய பொருளை உயர்த்தியது கைத்திறனும் கணக்கறிவும். ஓடுகளின் கோலங்களில் மயங்கிய டச்சு ஓவியர் எஷர், 1922 இலும் 1936 இலும் இங்கு வந்து அவற்றைப் பிரதியெடுத்துச் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

எழுதியவர்களின் கதை

சிங்கத் தொட்டியின் விளிம்பில் பொறிக்கப்பட்டுள்ள கவிதை இப்னு ஸம்ரக் என்பவருடையது. அவருடைய ஆசிரியரும் அமைச்சருமான இப்னுல் கத்தீப், வரலாற்றாசிரியர், கவிஞர், மருத்துவர். 1348 இல் பெருங்கொள்ளைநோய் பரவியபோது, அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது கண்கூடு என்று துணிந்து எழுதியவர். 1360களில் இந்த அரசவைக்கு வந்து, தூதராக இஷ்பீலியா சென்று திரும்பியவர் இப்னு கல்தூன். இத்தகைய அறிஞர்கள் ஒரே கூரையின்கீழ்க் கூடியிருந்த காலம் அது.

எனினும் பொறாமை அக்கூரையின்கீழும் புகுந்தது. மார்க்க விரோதக் குற்றம் சாட்டப்பட்டு நாட்டைவிட்டுத் தப்பிய இப்னுல் கத்தீப், 1374 இல் ஃபாஸ் நகரச் சிறையில் கொல்லப்பட்டார். அவருக்கு எதிராக நின்றவர்களுள் மாணவர் இப்னு ஸம்ரக்கும் ஒருவர். பின்னாளில் அந்த மாணவரும் தம் இல்லத்திலேயே கொலையுண்டார்.

வீட்டுக்குள் மூண்ட தீ

கிரனாடாவின் இறுதியும் அவ்வாறே வந்தது. 1482 இல் காஸ்டீலுடன் போர் தொடங்கிய அதே ஆண்டில், மன்னர் அபுல் ஹசனுக்கு எதிராக அவருடைய மகன் அபூ அப்துல்லாஹ் கிளர்ந்து அரியணையைப் பற்றினார். தந்தைக்குப் பின் சிறிய தந்தை அஸ்ஸகல் போட்டிக்கு நின்றார். 1487 இல் மாலகா முற்றுகையிடப்பட்டபோது, அஸ்ஸகல் அனுப்பிய உதவிப்படையை அபூ அப்துல்லாஹ்வின் படையே வழிமறித்தது. மாலகா வீழ்ந்து, அதன் மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1492 ஜனவரி 2 அன்று (ஹிஜ்ரி 897) அபூ அப்துல்லாஹ் அல்ஹம்ராவின் சாவிகளை ஒப்படைத்தார். 254 ஆண்டு ஆட்சி ஒரு காலைப்பொழுதில் முடிந்தது.

ஒப்பந்தம் தாராளமானது. பள்ளிவாசல்களும், மார்க்கமும், காழிகளின் தீர்ப்பும் காக்கப்படும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதே ஆண்டு மார்ச் மாதத்தில், இதே அல்ஹம்ராவிலிருந்து யூதர்களை நாடு கடத்தும் ஆணை பிறந்தது. 1499 இல் கர்தினால் சிஸ்னெரோஸ் வந்தார்; கட்டாய மதமாற்றம் தொடங்கியது. பாபுர் ரம்லா சதுக்கத்தில் அரபு நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் தப்பின. 1502 இல், மதம் மாறு அல்லது வெளியேறு என்ற ஆணை காஸ்டீல் முழுமைக்கும் வந்தது. 1567 இல் அரபு மொழியும், உடையும், குளிப்பகங்களும்கூடத் தடை செய்யப்பட்டன. மொழி வேறு, மதம் வேறு. கீழை நாட்டுக் கிறித்தவர்களும் அரபு பேசுகின்றனரே என்று ஃபிரான்சிஸ்கோ நூஞ்ஞெஸ் முலே என்ற முதியவர் எழுதிக் கொடுத்த முறையீடு ஏற்கப்படவில்லை. 1609 முதல் 1614 வரை சுமார் 3,00,000 பேர் கப்பலேற்றப்பட்டனர்.

நாம் நடந்துவந்த வழியில், ஐந்தாம் சார்லஸ் 1527 இல் தொடங்கிய கல் மாளிகையும், அருகே சாந்தா மரியா தேவாலயமும் நிற்கின்றன. அத்தேவாலயம் நிற்குமிடத்தில்தான் மூன்றாம் முஹம்மது கட்டிய பள்ளிவாசல் இருந்தது. அரண்மனை எஞ்சியது, பள்ளிவாசல் எஞ்சவில்லை. சுவரில் எழுத்து எஞ்சியது. அதனை ஓதிய மக்கள் எஞ்சவில்லை.

ஒரு பெயர், ஓர் எழுத்து

இவ்விடத்தில் நமக்கும் உரிய இரு செய்திகள் உள்ளன. ஸ்பெயின், போர்த்துகல் மக்கள் உந்துலுஸ் முஸ்லிம்களை ‘மூர்’ என்ற பொருள்பட அழைத்தனர். 1498 இல் கள்ளிக்கோட்டைக்கும் 1505 இல் இலங்கைக்கும் வந்த போர்த்துகீசியர், இங்குக் கண்ட முஸ்லிம்களுக்கும் அதே பெயரைச் சூட்டினர். இலங்கைச் சோனகர் ஆங்கிலத்தில் இன்றளவும் ‘மூர்’ என்றே பதிவாகின்றனர்.

இரண்டாவது செய்தி இன்னும் நெருக்கமானது. அரபு பேச்சை இழந்த ஸ்பானிய முஸ்லிம்கள், தம் ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதி மார்க்க நூல்களைக் காத்தனர். ‘அல்ஹமியாதோ’ எனப்படும் அவ்வெழுத்தைப் பற்றி அறிகையில், காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் வழங்கிய நம் அரபுத்தமிழ் நினைவுக்கு வாராதிருக்குமா? 1884 இல் அரகோன் பகுதியின் அல்மோனசித் என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை இடித்தபோது, போலித் தரையின் அடியில் ஏராளமான கையேடுகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்குமுன் யாரோ ஒருவர், என்றேனும் திரும்பி வருவோம் என்று எண்ணி மறைத்து வைத்தவை அவை.

அவர்கள் உயிருக்கு அஞ்சி ஒளித்தார்கள். நம்மை யாரும் தடுக்கவில்லை. ஆயினும் நம் இல்லங்களின் பரண்களில் பாட்டனாரின் அரபுத்தமிழ் ஏடுகள் கரையான் அரித்துக் கிடக்கின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் ‘மகானீ’ போன்ற நூல்களை எடுத்து, நான்கு வரி பிழையின்றி வாசிக்கக்கூடிய இளைஞர் நம் ஒவ்வொரு தெருவிலும் எத்தனை பேர்?

மக்ரிபு நேரம்

பொழுது சாய்கின்றது. எதிர்க் குன்றான அல்பைசீனின் வெள்ளை வீடுகளில் விளக்குகள் ஏறுகின்றன. அங்கே, அல்ஹம்ராவை நேர் நோக்கியவாறு ஒரு சிறு மினாரா தெரிகின்றது. ஐந்து நூற்றாண்டு இடைவெளிக்குப் பின், 2003 ஜூலையில் திறக்கப்பட்ட கிரனாடா பள்ளிவாசல் அது. அல்ஹம்ராவின் அழகில் நூறில் ஒரு பங்கும் அதற்கு இல்லை. ஆனால் அங்கே ஸஃப்பில் நிற்க மனிதர்கள் இருக்கின்றனர்.

பள்ளிவாசலுக்குப் புதிய தளமும் வண்ணப்பூச்சும் வேண்டும் என்று பேசும் நாம், அதே ஆர்வத்துடன் இரண்டு காரியங்களுக்கும் காலம் ஒதுக்கினால் என்ன? ஒன்று, மனவருத்தத்தால் பேசாதிருக்கும் குடும்பங்களை ஒரு ஸஃப்பில் கொண்டுவருவது. மற்றொன்று, வீட்டுப் பரணில் உள்ள பழைய ஏடுகளைத் திரட்டி, அவற்றை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அவர்கள் அருகில் அமர்த்துவது. இவ்விரண்டும் பெரும் பொருட்செலவு வேண்டாதவை.

படிப்பினை பெறும் உள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.