சிம் இல்லாத போன்



போன வாரம் பீரோவின் மேல்தட்டை ஒழித்தபோது என்னுடைய முதல் செல்போன் அகப்பட்டது. பேத்தி அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுல சிம் போடுற இடமே இல்லையே?" என்றாள். இல்லைதான். அந்த போனுக்கு சிம்மே கிடையாது. ஏன் கிடையாது என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கியது ஒரு வரலாற்றுப் பாடமாகவே நீண்டுவிட்டது. அதை உங்களுக்கும் எழுதுகிறேன். என் வகுப்பில் தூங்கியவர்கள் இப்போதாவது விழித்திருந்து படியுங்கள்!

நம் நாட்டில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்போது செல்போன் நடத்த உரிமம் வாங்கிய நிறுவனங்களுக்கு அரசு ஒரு நிபந்தனை விதித்திருந்தது: ஜிஎஸ்எம் என்ற முறையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஜிஎஸ்எம் ஐரோப்பிய நாடுகள் கூடி வகுத்த முறை. அதற்கு முன் அங்கே நாட்டுக்கு ஒரு முறை இருந்தது. எல்லை தாண்டினால் போன் பேசாது. அதனால் 1982-ல் ஒரு குழு அமைத்து, பொதுவான ஒரு முறையை உருவாக்கினார்கள். 1991-ல் பின்லாந்தில் அது நடைமுறைக்கு வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் குவால்காம் என்ற நிறுவனம் சிடிஎம்ஏ என்ற வேறொரு முறையை முன்வைத்தது. தென்கொரியா அதை ஏற்றுக்கொண்டது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். "ஒவ்வொருத்தரா பேசுங்க" என்று ஆசிரியர் முறைவைத்தால் அது ஜிஎஸ்எம். ஒரு அலைவரிசையை 8 பேர் கண் இமைக்கும் நேரத்தைவிடச் சிறிய துண்டுகளாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். சிடிஎம்ஏ-யில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆளுக்கொரு ரகசியக் குறியீடு உண்டு. திருவிழாக் கூட்டத்தில் எத்தனை இரைச்சல் இருந்தாலும் ஆத்தா கூப்பிட்டால் நம் காதில் விழுகிறதல்லவா, அதுபோல அந்தந்தக் குறியீடு தெரிந்த போன் தனக்கான பேச்சை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளும். ஒரே அலைவரிசையில் அதிகம் பேர் பேசலாம் என்பது இதன் பலம்.

அரசு ஜிஎஸ்எம் என்று சொல்லியிருக்க, சிடிஎம்ஏ எப்படி உள்ளே வந்தது? பக்கத்து வாசல் வழியாக வந்தது. வீட்டுத் தொலைபேசிக்கு உரிமம் வாங்கிய நிறுவனங்கள், கடைசித் தூரத்துக்குக் கம்பிக்குப் பதிலாக வானொலி அலையைப் பயன்படுத்தலாம் என்று விதி இருந்தது. அந்தக் கம்பியில்லா போனைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளூர் எல்லைக்குள் நடமாடலாம் என்று 2001-ல் அனுமதி கிடைத்தது. ரிலையன்ஸும் டாடாவும் இதற்கு சிடிஎம்ஏ-யைத் தேர்ந்தெடுத்தன. செல்போன் உரிமத்துக்குப் பெரும் பணம் கட்டியிருந்த ஜிஎஸ்எம் நிறுவனங்கள், "இது செல்போன் இல்லாமல் வேறென்ன?" என்று வழக்குப் போட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

வழக்கு நடக்கும்போதே விலை சரிந்தது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை இருந்த கட்டணம், 2002 டிசம்பர் இறுதியில் ரிலையன்ஸ் இறங்கியதும் தன் வலைக்குள் 40 காசு என்றாயிற்று. அஞ்சலட்டையே 50 காசு விற்ற காலம் அது. 2003 ஜூலையில் 501 ரூபாய் முன்பணத்துக்கு போன் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டுதான் நானும் ஒரு சிடிஎம்ஏ போன் வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். எண், கணக்கு எல்லாம் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். தனியாக சிம் இல்லை. காரைக்குடியில் நன்றாகப் பேசியது. ஆத்தா அப்போது தேவகோட்டையில் இருந்தார்கள். ஒரு ராத்திரி அவர்களுக்கு மூச்சிரைப்பு என்று ஓடினேன். டாக்டர் பார்த்து ஊசி போட்டபின், வீட்டில் கவலையோடு காத்திருப்பார்களே என்று போனை எடுத்தால் சிக்னலே இல்லை. காரைக்குடிக்கு எஸ்டிடி குறியீடு 04565, தேவகோட்டைக்கு 04561. குறியீடு மாறினால் எல்லை முடிந்தது! பூட்டிய எஸ்டிடி பூத்காரரை எழுப்பித்தான் பேசினேன். சட்டைப்பையில் செல்போனை வைத்துக்கொண்டு பூத் வாசலில் நின்றதை நினைத்தால் இன்றும் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

2003 நவம்பரில் அரசு ஒருங்கிணைந்த உரிமம் என்று கொண்டுவந்து அந்த எல்லைக்கோட்டை அழித்தது. இனி எந்த முறை வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம். சிடிஎம்ஏ வென்றுவிடும் என்று பலர் எண்ணினார்கள். நடந்தது வேறு.

அடுத்த பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து மச்சான் மகன் வந்தான். கையில் நோக்கியா போன். அங்கத்திய சிம்மைக் கழற்றிவிட்டு இங்கே ஒரு சிம் வாங்கிப் போட்டான், பேசினான். திரும்பும்போது அந்த போனை அத்தையிடமே கொடுத்துவிட்டுப் போனான். நம் செட்டிநாட்டில் வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து இருக்கிறார். வரும்போதெல்லாம் ஒரு போன் வரும். அதில் எதுவும் என் போனுக்கு உதவாது. உலகத்தில் பெரும்பாலான நாடுகள் ஜிஎஸ்எம் பக்கம் நின்றன. அதனால் போன் செய்யும் நிறுவனங்கள் பல, போட்டி அதிகம், விலை குறைவு. 2006-ல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா தொழிற்சாலை வந்தது. 2009-க்குள் ரிலையன்ஸ், டாடா இரண்டுமே ஜிஎஸ்எம் சேவையும் தொடங்கிவிட்டன.

பல ஆண்டு கழித்து என் நிறுவனமும் சிடிஎம்ஏ-யை மூடியது. 2011-ல் நாடு முழுவதும் வந்த எண் மாற்று வசதியால் எண்ணைக் காப்பாற்றிக்கொண்டேன். போன் வெறும் டப்பாவாகிவிட்டது. அதிலிருந்த இருநூற்றுச் சொச்சம் எண்களை ஒரு நோட்டில் கையால் எழுதி எடுத்தேன். உங்களில் பலர் பெயர் அந்த நோட்டில் இருக்கிறது.

இதே கதை அடுத்த தலைமுறையிலும் நடந்தது. வைமாக்ஸா, எல்டிஇ-யா என்ற போட்டியில் பிஎஸ்என்எல் வைமாக்ஸைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் நிறுவனமும் அப்படியே. 2010 ஏலத்தில் நாட்டின் 22 வட்டங்களிலும் அலைக்கற்றை எடுத்த இன்போடெல் நிறுவனத்தை ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வாங்கியது. உலகம் எல்டிஇ பக்கம் சாய்ந்ததால் அதையே கைக்கொண்டு, 2016-ல் ஜியோவாக வந்தது. வைமாக்ஸ் என்ற பெயரே இன்று யாருக்கும் நினைவில்லை.

5ஜி வந்தபோது நம்மவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பேன். சென்னை ஐஐடி, ஹைதராபாத் ஐஐடி வல்லுநர்கள் பங்கெடுத்து '5ஜி-ஐ' என்ற இந்திய முறை உருவானது. கோபுரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் கிராமங்களுக்கும் சிக்னல் எட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் தனி முறை என்றால் போனும் கருவியும் தனியாகச் செய்ய வேண்டும், விலை ஏறும் என்று தொலைபேசி நிறுவனங்கள் தயங்கின. கடைசியில் அதன் நல்ல அம்சங்களை உலகப் பொது முறைக்குள்ளேயே சேர்த்தார்கள். 2022 அக்டோபர் 1 அன்று நம் நாட்டில் 5ஜி தொடங்கியபோது முறைச் சண்டை இல்லை.

தோற்ற சிடிஎம்ஏ-யை நான் பழிக்க மாட்டேன். அது வந்திராவிட்டால் கட்டணம் அவ்வளவு சீக்கிரம் இறங்கியிருக்காது. அதன் நுட்பம் பிறகு 3ஜி-க்கும் அடிப்படையானது. ஆனால் நிறுவனங்கள் செய்த தேர்வுக்கு விலை கொடுத்ததில் நம்மைப் போன்றவர்களும் உண்டு. அதனால் பேத்திக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். போனோ, ஆப்போ, வேறு எதுவோ வாங்கும்போது, "நாளைக்கு இதை விட்டு வெளியேறினால் எதை என்னோடு எடுத்துப் போக முடியும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மலிவாக உள்ளே விடுகிற வீட்டில் வெளியே வர வாசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் முதல் போன் எது, அதற்கு சிம் இருந்ததா என்று கீழே எழுதுங்கள். அந்தப் பழைய நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். யார் யார் எண் இன்னும் மாறாமல் இருக்கிறது என்று பார்க்க ஆசை.