இரட்டைக் குதிரையும் ஒற்றைச் சாலையும்

ஒற்றைக் குதிரை வண்டியை விட இரட்டைக் குதிரைச் சாரட்டு வேகமாகப் போகும் என்பது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் இரண்டு மடங்கு வேகமாகப் போகுமா என்று வண்டிக்காரனைக் கேட்டால் சிரிப்பான். கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் சரித்திரத்தில், ஏறக்குறைய இருபத்திரண்டு வருஷ காலம், காசைக் கொட்டி இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் உண்டு. எனக்கு அந்த விளையாட்டுகளில் மோகம் கிடையாது. தோற்றுப்போனவற்றின் சரித்திரத்தில் மட்டும் ஒரு பிரியம் உண்டு.

கலிபோர்னியாவில் திரீடிஎஃப்எக்ஸ் என்றொரு கம்பெனி இருந்தது. 1998-இல் அது 'வூடு 2' என்ற கிராபிக்ஸ் கார்டை வெளியிட்டது. இரண்டு கார்டுகளை வாங்கி மதர்போர்டில் செருகி, நடுவே ஒரு நாடாக் கம்பியால் இணைத்துவிட்டால், திரையின் ஒரு வரியை ஒன்றும் அடுத்த வரியை மற்றொன்றும் வரையும். 800-க்கு 600 புள்ளிகளோடு நின்ற படம் 1024-க்கு 768 ஆக விரிந்தது. அந்நாளைய பி.சி.ஐ. பாதை விநாடிக்கு 133 மெகாபைட்தான் சுமக்கும். அதிலும் பல பங்காளிகள். பின்னர் பரவிய ஏ.ஜி.பி. பாதை அதைவிட வேகமானது. ஆனால் மதர்போர்டில் அதற்கு ஒரே ஒரு துளைதான். இரண்டாவது குதிரையைக் கட்ட இடமில்லை! திரீடிஎஃப்எக்ஸும் 2000 டிசம்பரில் தன் சொத்துக்களைப் போட்டியாளரான என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது.

2004-இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற புதிய பாதை வந்ததும் என்விடியா பழைய எஸ்.எல்.ஐ. என்ற மூன்றெழுத்துக்கு உயிர் கொடுத்தது. எழுத்து அதே, விரிவு வேறு. அதன் என்ஃபோர்ஸ்4 மதர்போர்டுகளில் கார்டுகளுக்கு 16 தடங்கள் இருந்தன. இரண்டு கார்டு போட்டால் எட்டு எட்டாகப் பிரியும். பல போர்டுகளில், ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் மாதிரி, ஒரு சிறு பலகையைக் கையால் திருப்பிப் பொருத்த வேண்டும். 2005-இல் ஏ.டி.ஐ. கம்பெனியும் 'கிராஸ்ஃபயர்' என்ற பெயரில் களத்தில் இறங்கியது.

எட்டுத் தடம் போதுமா, பதினாறு வேண்டுமா? இதைப் பற்றி நடந்த வாதங்களுக்கு அளவில்லை. உண்மையில் பெரும்பாலான விளையாட்டுகளில் வித்தியாசம் அற்பம்தான். காட்சிக்கு வேண்டிய சித்திரங்களெல்லாம் முன்கூட்டியே கார்டின் ஞாபகத்தில் ஏறிவிடும்; பிறகு பாதையில் போவது பெரும்பாலும் கட்டளைகளே. ஞாபகம் நிரம்பி வழியும்போதுதான் சாலையின் அகலம் தெரியவரும். அப்போதும் இரண்டு கார்டுகளின் ஞாபகத்தைக் கூட்டிக் கணக்கிட முடியாது. ஒன்றில் உள்ளதே மற்றதிலும் இருக்க வேண்டும்.

ஆனால் நான்கு தடம் வேறு கதை. என் அக்காள் மகன் முதல் சம்பளத்தில் இரண்டாவது கார்டு வாங்கினான். "அதே நீளத் துளைதான் தம்பி" என்றார் கடைக்காரர். நீளம் அதேதான், உள்ளே இருந்த தடங்கள் நாலு, அதுவும் மதர்போர்டின் பின்கட்டு வழியாக. 2006, 2007-இல் இன்டெலின் பி965, பி35 சிப்செட் போர்டுகள் பலவற்றில் இதுதான் ஏற்பாடு. விநாடிக்கு ஒரு கிகாபைட் போகும் அந்தச் சந்தில் சம்பளம் முழுவதும் நெரிசலில் சிக்கிக்கொண்டது.

பிற்காலத்தில் பெரும்பாலும் கையாண்ட முறை, ஒரு படம் எனக்கு, அடுத்த படம் உனக்கு என்பது. இரண்டு எழுத்தாளர்கள் ஒரு தொடர்கதையின் அத்தியாயங்களை மாற்றி மாற்றி எழுதுவதைப் போல. எங்கள் தொழிலில் இதன் கஷ்டம் எனக்குத் தெரியும்: அத்தியாயங்கள் சீரான இடைவெளியில் வந்து சேராது. எண்ணிக்கை கூடினாலும் தாளம் தப்பியதால், ஓடும் காட்சி விக்கி விக்கி நகர்ந்தது.

இரண்டாவது கார்டு வரைந்த படம் முதல் கார்டுக்குப் போனால்தான் திரைக்கு வரும். 3840-க்கு 2160 புள்ளிகளுள்ள படம் ஒன்றுக்கு 33 மெகாபைட். விநாடிக்கு 30 படம் அனுப்பினால் ஒரு கிகாபைட். கார்டுகளுக்கு இடையே போட்ட பழைய பாலம் தாங்கியதே அவ்வளவுதான். ஏ.டி.ஐ.யை வாங்கியிருந்த ஏ.எம்.டி., 2013-இல் ஆர்9 290எக்ஸ் கார்டில் பாலத்தையே எடுத்துவிட்டு, மதர்போர்டுப் பாதை வழியாகவே படங்களை அனுப்பியது. என்விடியா 2018-இல் புதுப் பாலமே கட்டிற்று, ஆர்.டி.எக்ஸ். 2080 டி.ஐ. கார்டில் இருபுறமும் சேர்த்து 100 கிகாபைட்.

அகலம் வந்தபோது கதை மாறிவிட்டது. புதிய விளையாட்டுகள் ஒவ்வொரு படத்தையும் முந்தைய படத்தைப் பார்த்தே தீட்டலாயின. முந்தைய அத்தியாயமோ அடுத்தவர் மேஜையில்! காத்திருந்து வாங்கிப் படித்து எழுதுவதற்கு ஒருவரே எழுதிவிடலாம். 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து என்விடியா புதிய எஸ்.எல்.ஐ. ஏற்பாடுகள் எழுதுவதை நிறுத்திக்கொண்டது. 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டின் விளிம்பில் பாலம் மாட்டுவதற்கான பற்களே இல்லை.