குறைந்த செவியும் வீட்டு ஒலிப்பதிவும்

இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும், மலையகத்தின் பிற தோட்டங்களைப் போலவே, தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில், வளர்ந்தன. விடியலில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, அழைத்த தப்பு என்னும் பறையே கூத்துக்கும் சாவுக்கும் ஒலித்தது. மலையகப் பாடல்களை எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து அச்சேற்றியதால் சொற்கள் நிலைத்தன. குரலின் இழுப்புக்கும் தப்பின் அடிக்கும் ஒலிப்பதிவே வேண்டும்.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கசெட் பதிவைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஒரே ஒலிவாங்கியில் பதிந்தால் தப்பு குரலை மூடிவிடும், பின்னர் திருத்தவும் இயலாது. தனித்தனியே பதிந்தவற்றின் அளவைப் பிறகு சமன்செய்யும் ஒலிக்கலவை, 1979இல் வந்த டியாக் 144 என்னும் நான்கு தடக் கசெட் கருவியால்தான் வீட்டில் எளிதாயிற்று. 1982 சனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சி வீட்டில் அக்கருவியில் பதிந்த பாடல்களே, இசைக்குழுவுடன் செய்த பதிவுகள் ஒதுக்கப்பட்டு, 'நெப்ராஸ்கா' இசைத்தட்டாக வெளிவந்தன.

கருவி எளிதானாலும் செவியின் குறைவு கடினமானது. தேயிலைத் தொழிற்சாலை போன்ற இடங்களின் தொடர் இரைச்சல், பொதுவாக முதலில் 4000 ஹேர்ட்ஸ் அளவிலான உயர் ஒலிகளைக் கேட்கும் திறனைக் கெடுக்கிறது. வல்லின மெய்களின் தெளிவும் தப்பை அடிக்கும் மெல்லிய குச்சியின் ஒலிக்கூர்மையும் பெரிதும் அப்பகுதியைச் சார்ந்தவை. அதை இழந்தவர் தமக்குப் போதுமென்று தோன்றும்வரை உயர் ஒலியை ஏற்றினால், பிறர் காது கூசும். நல்ல செவியும் மாறாத அளவுகோல் அன்று: மெல்லக் கேட்கையில் தாழ்ந்த ஒலிகள் மேலும் மங்குவதை 1933இல் ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினர். ஆகவே எப்போதும் ஒரே ஒலியளவில் கேட்பதும், நன்கு பழகிய வேறொரு பதிவோடு ஒப்பிடுவதும், அளவுமானியின் முள்ளைக் கண்ணால் பின்தொடர்வதும் செவிக்குத் துணையாகின்றன.

வலது காது பெரும்பாலும் கேளாத பிரையன் வில்சன், பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டை 1966இல் மோனோ எனப்படும் ஒற்றைத் தட ஒலியாகவே அமைத்தார். முழுமையான இருதட (ஸ்டீரியோ) வடிவம் 1997இல்தான் வந்தது. ஒற்றைத் தடத்தைத் தாழ்வாகக் கருதுவது பிழை. இடம் வலம் என ஒலிகளைப் பிரித்து ஒதுக்க இடமில்லாததால், குரலுக்கும் வாத்தியத்துக்கும் உரிய அளவை அங்கே உண்மையாகவே தேடிக் காண வேண்டும். ஒரு முதிய குரலும் ஒரு தப்பும் கொண்ட தோட்டப் பாடலுக்கு அதுவே தகும். அத்தகைய கலவையில் கூர் ஒலியின் அளவை இளஞ்செவி உடையவர் முடிவுசெய்யலாம். ஒப்பாரியின் எந்தச் சொல் தப்பை மீறிக் கேட்க வேண்டும் என்பதை, செவி மங்கியிருப்பினும், அதைப் பாடி வளர்ந்த முதியவரே சொல்ல வேண்டும்.